யூனிபார்ம் துணியும் ஒரு சிரிப்புப் பொம்மையும்

நேற்று, திருச்சிப் பக்கம் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில், அரசின் பெல் (பிஎச்இஎல்) பாய்லர் ஆலையின் ஆர்டரை நம்பியிருந்து இன்று பூட்டிக் கிடக்கும் ஒரு ஷெட்டின் படத்தைப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். "தண்டச் சம்பளம் குறைந்தால் நாட்டுக்கு நல்லதுதானே, இதற்கு எதற்கு ஒப்பாரி?" என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தான். அதற்கு நூற்றுக்கும் மேல் லைக். ராத்திரி பூரா பதில் எழுதி எழுதி அழித்தேன். இப்போது நிதானமாகத்தான் இருக்கிறேன். இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அரசு ஆலையில் ஓர் இடம் காலியாகி அதற்கு ஆள் எடுக்காமல் விட்டால், உள்ளே கணக்கில் ஒரு சம்பளம் மிச்சம். கேட்டுக்கு வெளியே அந்தச் சம்பளத்தை நம்பி எத்தனை அடுப்பு எரிந்தது என்பதை எந்த ஆடிட்டரும் எழுதுவதில்லை.

"யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லையே, எங்கே ஆட்குறைப்பு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, சாமர்த்தியமே அதுதானே. ரிட்டயர் ஆகிறவருக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கார் வைத்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறோம். மறுநாள் அந்த இடத்துக்கு யாரும் வருவதில்லை. பெல் நிறுவனத்தில் நாடு முழுக்க 2013 வாக்கில் ஏறத்தாழ 48,000 பேர் இருந்தார்கள். இன்று 30,000-க்கும் கீழே. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் 2013 மார்ச்சில் 17.3 லட்சம் பேர், 2022 மார்ச்சில் 14.6 லட்சம். இருப்பவர்களிலும் ஒப்பந்தம், தினக்கூலி ஆட்களின் பங்கு 19 சதவீதத்திலிருந்து 42.5 சதவீதம் ஆகிவிட்டது. ஒருவரையும் அனுப்பவில்லை, ரொம்பச் சரி. மாலை போட்டே முடித்துவிட்டோம்.

எங்கள் அப்பா ஆலைக்குப் பக்கத்தில் திருவெறும்பூர் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். ஆலையில் யூனிபார்ம் துணி கொடுக்கும் மாதம் வந்தால் எங்களுக்கு அதுதான் தீபாவளி. ராத்திரி ஒரு மணிக்கும் மெஷின் ஓடும். காஜா எடுக்க ஒரு அக்கா, பட்டன் வைக்க நான். அப்பாவின் அளவு நோட்டு இன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் ஆள் பெயரோடு 'யூனிட் 1', 'யூனிட் 2' என்று எழுதியிருக்கும். ஒரே ஆளின் அளவை வருடா வருடம் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொண்டே வருவார். வேலைக்குச் சேர்ந்த வருடம் இடுப்பு 28. கல்யாணம் ஆன வருடம் 30. பிறகு 32, 34. 38-க்கு வரும்போது ரிட்டயர்மெண்ட். அதற்கு மேல் கோடு போட்டுவிடுவார். முன்பெல்லாம் ஒரு பக்கத்தில் கோடு விழுந்தால் இன்னொரு பக்கத்தில் ஒரு 28 வந்து உட்காரும். அப்புறம் வெறும் கோடாகவே விழ ஆரம்பித்தது.

ரெடிமேட் வந்ததால்தான் தையல் கடை போனது என்பீர்கள். அதுவும் உண்மை, மறுக்கவில்லை. ஆலையின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நாங்கள் சாப்பிட்டதே அதனால்தான். ஆனால் டெய்லர் கடையோடு நின்றதா? மெஸ், சைக்கிள் கடை, லாரி ஷெட், பாத்திரக் கடை?

மறுபடியும் அதையேதான் சொல்கிறேன். அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் இந்த பாய்லர் ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து அதைச் சுற்றி இன்னோர் ஊரே முளைத்தது. ஆலையிலிருந்து லாரியில் பிளேட் வரும். துவாக்குடி ஷெட்டில் வெட்டி, வளைத்து, வெல்டு வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். கூலி டன்னுக்கு இவ்வளவு என்று. இதை நம்பி வங்கியில் கடன் வாங்கி கிரேன் போட்டார்கள், ரோலிங் மெஷின் வாங்கினார்கள். ஆர்டர் நின்றது. வட்டி நிற்கவில்லை. நேற்று படத்தில் பார்த்தீர்களே, அந்தத் துருப்பிடித்த ஷட்டர், அது இப்படிப் பூட்டியதுதான்.

"நிலக்கரிக்கே காலம் முடிந்துவிட்டது, பாய்லரை யார் வாங்குவார்கள்?" இது நியாயமான கேள்வி. 2012-க்குப் பிறகு புது அனல்மின் நிலைய ஆர்டர்கள் வற்றிப்போனது உண்மை, சீன பாய்லர்கள் வந்ததும் உண்மை. ஆனால் இப்போது என்ன ஆயிற்று? கரண்ட் போதவில்லை என்று அனல்மின் ஆர்டர்கள் மறுபடி குவிகின்றன. வெல்டு வைக்க ஆள் எங்கே? உயர் அழுத்தக் குழாயில் யார் வேண்டுமானாலும் வெல்டு வைத்துவிட முடியாது, பாய்லர் வெல்டர்களுக்கென்றே இருக்கும் ஐபிஆர் தேர்வில் பாஸ் ஆகியிருக்க வேண்டும். அந்தக் கை பழக வருடக் கணக்காகும். எனக்குத் தெரிந்த அப்படி ஒருவர் காட்டூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இன்னொருவர் குவைத்தில்.

உள்ளே தூங்கினார்கள், சங்கம் பேசினார்கள் என்பதற்கெல்லாம் பதில் சொல்லி மாளாது. தூங்கினவர்களை எனக்கும் தெரியும், இரண்டு பேர் எங்கள் கடை பெஞ்சில்தான் தூங்கினார்கள். விடுங்கள்.

"ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்களே, அதுவும் வேலைதானே?" வேலைதான். அந்தப் பையனிடம் வங்கி மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "பர்மனெண்டா?" பெண் வீட்டில் கேட்பதும் அதே. சொசைட்டி கடன் போட்டு, மனை வாங்கி, கொத்தனாருக்கு இரண்டு வருடம் வேலை கொடுத்து காட்டூர் பக்கம் நகர் நகராக வீடுகள் எழுந்தனவே, அவையெல்லாம் நிரந்தரச் சம்பளம் கட்டியவை. அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்று தெரியாதவன் செங்கல் வாங்க மாட்டான். வடக்கிலிருந்து வந்து ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கி, சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. என் பெரிய மாமா வடக்கே பிலாயில் அப்படித்தான் இருந்தார். பணம் இந்தக் கடைவீதிக்கு வருவதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

"ஊரை விட்டுப் போய்ப் பிழைக்க வேண்டியதுதானே?" ஆகா. போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள் சார். எங்கள் தெருவில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருப்பதெல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள்.

கடைசியாக, சிரிப்புப் பொம்மை வைத்த உனக்கு. ஆலையின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நீ. வீட்டுக்கு முன்னால் வேப்பமரம், பின்னால் கிரவுண்டு, காய்ச்சல் வந்தால் ஆலை ஆஸ்பத்திரி. உன் அண்ணனும் நீயும் இன்ஜினியரிங் படித்தது யார் சம்பளத்தில்? நீ இன்று டாலரில் சம்பாதிக்கிறாய், சந்தோஷம். ஆனால் 'தண்டம்' என்று நீ எழுதினாயே, அந்தச் சம்பளத்தை வாங்கியவர் அறுபது வயது வரை நெருப்புப்பொறிக்கு நடுவே நின்றார். அவர் முழுக்கைச் சட்டையில் பொத்தல் பொத்தலாக இருக்கும். அப்பா உள்பக்கமாகத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பார். ஒட்டுப்போட்டதற்கு ஒரு தடவைகூடக் காசு வாங்கியதில்லை.

ராத்திரி நான் போனைப் பார்த்து முணுமுணுத்ததைக் கேட்டு, "யாருடா அது, என்ன எழுதியிருக்கான்?" என்றார் அப்பா. இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. உன் பெயரைச் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறாய் என்பதைச் சொல்லவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்கிறான் என்று சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அவங்க அப்பாவுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். பார்த்துத்தான் வெட்டணும்."