புயல் கரையைக் கடந்தபின் உள் மாவட்டங்கள்: ஒரு திருத்தம்

புயல் கரையைக் கடந்துவிட்டால் உள் மாவட்டங்களுக்கு வெள்ள அபாயம் இல்லை என்று ஒரு நண்பர் எழுதியதைப் பலரும் பகிர்ந்து வருகிறார்கள். மன்னிக்கவும், அது சரியன்று. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோதுதான், கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. சாலையில் நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தும், சென்னைக்காரர்களாகிய நாம் கடற்கரையை மட்டுமே கவனித்துப் பழகிவிட்டோம். ஐயமிருப்பவர்கள், டிசம்பர் 3 நாளிதழ்களில் வெளியான ஊர்வாரி மழையளவைப் பார்க்கலாம். புயல் கடந்தபின்னும் மாவட்டவாரி எச்சரிக்கை தொடர்வதை, நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் அடுத்த புயலின்போது எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.