குத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பரிசளிப்பு விழாவில் நடந்த ரசம் விவகாரம் இந்நேரம் உங்கள் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். குத்துச்சண்டையில் ஜெயித்த பெண்ணுக்குப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுவிட்டு, மைக்கைப் பிடித்து, "இந்தக் கையால ரசமும் வெப்பியாம்மா?" என்கிறார் அந்தப் பெரிய மனிதர். மண்டபம் சிரிக்கிறது. அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். "அவளே சிரிக்கிறா, உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று நேற்றிலிருந்து இன்பாக்ஸில் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள்.

எனக்கு வந்தது இதுதான். அந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் பையனுக்கு கேரம் பரிசு. அவனிடம் இதே மனிதர், "ரெட்டுக்கு ஃபாலோ விழுந்துச்சா தம்பி?" என்று கேட்டார். நீளம் தாண்டிய பையனிடம் எத்தனை மீட்டர் என்று கேட்டார். நல்ல கேள்விகள். விளையாட்டுத் தெரிந்தவர் கேட்கிற கேள்விகள். குத்துச்சண்டையில் ஜெயித்தவள் வந்ததும் ரசம்.

குத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எந்தக் கையால் அடித்தாய், எத்தனாவது ரவுண்டில் ஜெயித்தாய், எதிரி உயரமா குட்டையா, ஏதோ ஒன்று.

நம் ஊர்க்காரர்களுக்குக் கேட்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கிரிக்கெட் ஆடுகிற சின்னப்பம்பட்டி நடராஜன் என்றால் சேலத்தில் டீ ஆற்றுகிறவர்கூட யார்க்கரைப் பற்றித்தான் பேசுவார். மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டியது 1.89 மீட்டர் என்று அப்போது சின்னப் பிள்ளைகள்கூட ஒப்பித்தன. அவர்களிடம் துணி துவைப்பீர்களா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்கு அயர்லாந்துக் குத்துச்சண்டைக்காரர் கேட்டி டெய்லர் என்றால் பைத்தியம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 2022 மே தினத்தன்று காலையில் இட்லி ஊற்றாமல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு பெண்களின் குத்துச்சண்டை முக்கிய ஆட்டமாக நடந்தது அதுதான் முதல் முறை. எதிரில் அமாண்டா செரானோ, இடது கைக்காரர். ஐந்தாவது ரவுண்டில் டெய்லருக்கு விழுந்த அடியில் கதை முடிந்தது என்றே நினைத்தேன். மூக்கில் ரத்தம், கால் தள்ளாடுகிறது. பெல் அடித்து, மூலைக்குப் போய், திரும்பி வந்து மீதி ஐந்து ரவுண்டும் ஆடி ஜெயித்தார். நடுவர்கள் மூவரில் ஒருவர் செரானோவுக்குத்தான் கொடுத்தார், அது அவர் பாடு. 2024 நவம்பரில் மறுபடி மோதினார்கள், 2025 ஜூலையில் மூன்றாவது முறை. மூன்றிலும் டெய்லர்தான்.

இவரையும் உலகம் சும்மா விடவில்லை. அயர்லாந்தில் பிரே என்ற ஊர். சின்ன வயதில் பெண்களுக்குப் போட்டியே கிடையாது, அதனால் "கே. டெய்லர்" என்று பேர் கொடுத்து, ஹெட்கார்டுக்குள் முடியை ஒளித்துக்கொண்டு பையன்களோடு மோதினார். ஜெயித்துவிட்டு ஹெட்கார்டைக் கழற்றினால் எல்லாரும் வாய் பிளப்பார்களாம். 2001இல், 15 வயதில், அந்த நாட்டின் முதல் அதிகாரபூர்வமான பெண்கள் குத்துச்சண்டையில் இறங்கினார். அப்புறம் 2006 முதல் 2014 வரை நடந்த ஐந்து உலகப் போட்டியிலும் தொடர்ந்து தங்கம். லண்டன் 2012 ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்த விஷயம் என்ன தெரியுமா? பெண்கள் பாவாடை கட்டி ஆடலாமே என்று! ஆணா பெண்ணா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். டெய்லர் முடியாது என்று சொல்லிவிட்டார். கால்சட்டையிலேயே ஆடித் தங்கம் வாங்கினார்.

ஆக, ரசம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. அங்கே பாவாடை, இங்கே ரசம்.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு நீளமா?" ஆமாம். ஜோக் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கேரம் பையனிடம் "இந்த விரலால பூ கட்டுவியா?" என்று கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கேட்கவில்லையே! கேட்கத் தோன்றவே இல்லையே!

"குத்துச்சண்டை ஆபத்து, பொண்ணுங்களுக்கு எதுக்கு?" தலையில் விழுகிற அடி விளையாட்டில்லைதான். தொழில்முறை ஆட்டத்தில் வழக்கமாக ஆண்களுக்கு 3 நிமிட ரவுண்ட், பெண்களுக்கு 2 நிமிடம் என்பதற்கும் அதையே காரணம் சொல்கிறார்கள். செரானோ 3 நிமிடம்தான் வேண்டும் என்று சண்டை போட்டு ஒரு பட்டத்தையே திருப்பிக் கொடுத்தார். அது பெரிய கதை, இன்னொரு நாள் பேசலாம். ஆனால் அன்றைக்கு மேடையில் அந்தப் பெரிய மனிதர் தலையைப் பற்றியா கேட்டார்?

"நீ பெமினிஸ்ட்." சரி.

விழா முடிந்து பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஏற்காடு மேலே எஸ்டேட் பக்கம் வீடு. கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி இறங்கித்தான் பயிற்சிக்கு வருகிறாள். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "எதிர்ல நிக்கிறவ இடது கைக்காரியா இருந்தா என்ன பண்ணுவ கண்ணு?" வாயில் இருந்ததை முழுங்கக்கூட இல்லை. "எழுந்து நில்லுங்கக்கா" என்றாள். என் செருப்புக் காலுக்கு வெளிப்பக்கமாகத் தன் இடது காலை வைத்தாள். "என் காலு வெளிய இருக்கணும். அப்பதான் என் வலது கை நேராப் போகும், அவங்க இடது கை சுத்தி வரணும்." கையில் சட்னி ஒட்டியிருந்தது. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனாள், பேசி முடியவில்லை. மேடையில் அதையெல்லாம் சொல்லியிருப்பாள், யாராவது கேட்டிருந்தால்.

இவ்வளவு கோபம் ஏன் என்று நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் நான் குண்டு எறிந்தவள். மாவட்டத்தில் இரண்டாவது. சர்டிபிகேட்டோடு செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறைக்கு நேரே ஓடினேன். அப்பா தராசில் வெள்ளி நிறுத்துக்கொண்டிருந்தார். சர்டிபிகேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ட்ரவுசர் போட்டுக்கிட்டா நின்ன?" என்றார். அத்தை, "வெயில்ல இப்படிக் கறுத்துட்டியே சாமி" என்றாள். அதோடு சரி, அடுத்த வருஷம் நான் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நானாகத்தான் நின்றேன்.

அப்பா நல்லவர். யாரும் வந்து அவரைத் திட்டாதீர்கள், திட்டினால் பிளாக்தான். ஆனால் மில்லிகிராம் வரை நிறுத்துப் பார்க்கிற மனிதர், எத்தனை மீட்டர் போட்டாய் என்று இன்றுவரை கேட்டதில்லை.

8 மீட்டர் 40 சென்டிமீட்டர்.