ஃபுச்சோவிச் முதல் ஆள் இல்லை

2018 ஜெனீவா ஓபன் டென்னிஸை வென்ற மார்ட்டன் ஃபுச்சோவிச்தான் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஹங்கேரியர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சின்னத் திருத்தம்: அவருக்கு முன்பே இன்னொரு ஹங்கேரியரான பலாஜ் டாரோட்சி 13 ஒற்றையர் பட்டங்கள் வென்றிருக்கிறார். நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் களிமண் தளத்தில் நடந்த டச்சு ஓபனை மட்டும் ஆறு முறை! அங்கே கடைசியாக வென்றது 1982-இல். அதற்கப்புறம் 36 ஆண்டுகள் எந்த ஹங்கேரிய வீரருக்கும் பட்டம் இல்லை. அந்த வறட்சியைத் தீர்த்தவர்தான் ஃபுச்சோவிச். செய்திகளில் வந்த ‘1982-க்குப் பிறகு முதல்’ என்பதில் முன்பாதி எங்கோ உதிர்ந்துவிட்டது போலிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஏடிபி தளத்தில் டாரோட்சியின் பக்கத்தைத் திறந்து, பட்டங்கள் பகுதியை ஆண்டுவாரியாகப் பாருங்கள். டச்சு ஓபன் சாம்பியன்கள் பட்டியலிலும் 1978 முதல் 1982 வரை வரிசையாக அவர் பெயர்தான்.