ஒரு கோப்புக்கு எத்தனை வயது?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த தம்பி, ஏதோ அரசு அலுவலகத்துக்கு மென்பொருள் செய்து கொடுப்பவராம், "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு பழைய கோப்பையெல்லாம் எரிச்சிடலாமே சார், எதுக்கு இந்தக் கரையான் குடோன்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் வருவாய்த் துறையில் 1988ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்தது சட்டம் இல்லை, கோப்பை முடிக்கிற முறை. நம்மூர் அலுவலகத்தில் ஒரு கோப்பு முடியும்போது அதன் தலையில் ஒரு எழுத்து விழும். டிஸ். என்பது டிஸ்போசல், அதாவது கோப்பை முடிப்பது. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக இருக்கும். டி.டிஸ். என்றால் 10 ஆண்டு. கே.டிஸ். 3 ஆண்டு. எல்.டிஸ். ஒரே ஆண்டு. அவ்வளவுதான். அந்த எழுத்தைப் போடுவது பெரும்பாலும் இருபத்தைந்து வயது உதவியாளர், கையெழுத்துப் போடுவது வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருக்கும் கண்காணிப்பாளர். பின்னாளில் அந்த அவசரக் கண்காணிப்பாளர் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜமாபந்திக்கு, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு, முன்னால் நிலுவையைக் குறைத்தாக வேண்டும். தன்பதிவேட்டில், அதாவது உதவியாளர் தன்னிடம் உள்ள கோப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில், எத்தனை கோப்பு முடிந்தது என்று எண்ணுவார்களே தவிர, என்ன எழுத்துப் போட்டு முடித்தாய் என்று யாரும் கேட்டதில்லை. டி.டிஸ். போட்டால் கோப்பைத் தைத்து, பக்க எண் போட்டு ஒழுங்காகப் பதிவறைக்கு அனுப்ப வேண்டும், பதிவறை எழுத்தர் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். கே.டிஸ். போட்டால் வேலை குறைவு. அதனால் சந்தேகமாக இருப்பதெல்லாம் கே.டிஸ். ஆனது.

அப்படி நான் முடித்த ஒரு கோப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. 1994ல் ஒரு கிராமத்தில் வண்டிப்பாதையை ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று மனு. கிராம நிர்வாக அலுவலர் போய்ப் பார்த்து, பாதை இருக்கிறது, பல வருடமாக ஊரார் புழங்குகிறார்கள், நாலு பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன் என்று அறிக்கை கொடுத்தார். வேலி போட்டவரும் எடுத்துவிட்டார். பிரச்சினை முடிந்தது, கே.டிஸ்.

பன்னிரண்டு வருடம் கழித்து, வேறு தாலுகாவெல்லாம் சுற்றிவிட்டு நான் அதே அலுவலகத்துக்கு மாறுதலில் வந்திருந்தபோது, ஒரு அம்மா மஞ்சள் பையோடு வந்தார். அந்த மனுவைக் கொடுத்தவரின் மனைவி. கணவர் இறந்துவிட்டார், வேலி போட்டவரின் மகன் மறுபடி பாதையை அடைத்து, வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது. வக்கீல் அந்தப் பழைய அறிக்கையின் சான்றிட்ட நகல் கேட்கிறார். மனு கொடுத்த அன்று வாங்கிய ரசீதுச் சீட்டை, ந.க. எண்ணோடு (கோப்பு எண்), மடிப்பு கிழியாமல் வைத்திருந்தார் அந்த அம்மா. எங்களிடம் கோப்பு இல்லை. அது எப்போதோ எரிந்துவிட்டது. "சீட்டு எங்கிட்ட இருக்கே தம்பி, உங்ககிட்ட எப்படி இல்லாமப் போகும்?" என்று கேட்டார். திட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வழிப்பாதை உரிமையை அனுபவத்தால் நிலைநாட்ட வேண்டுமானால் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு தடையில்லாத புழக்கத்தைக் காட்ட வேண்டும். அந்தப் புழக்கத்துக்கு அரசே எழுதிய சாட்சியத்தை அரசே 3 ஆண்டில் கொளுத்திவிடுகிறது. இன்னொன்று, தனியார் நிலத்தில் எதிரனுபவம் (அடுத்தவர் நிலத்தை நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை) கோர 12 ஆண்டு, அரசு நிலமென்றால் 30 ஆண்டு. நம் டி.டிஸ். கோப்பின் ஆயுளோ 10. உரிமை பழுப்பதற்குள் காகிதம் சாம்பலாகிவிடுகிறது. வேண்டுமென்றே யாரும் இப்படி வைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கோப்பின் ஆயுளை முடிவு செய்தவர்கள் அலுவலகத்துக்கு அது எத்தனை நாள் தேவை என்று யோசித்திருக்கிறார்கள், மனு கொடுத்தவருக்கு எத்தனை நாள் தேவை என்று யோசிக்கவில்லை. என் சண்டை முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

இதனால் எதையும் எரிக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பதிவறையில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன் அப்படிச் சொல்ல மாட்டான். தற்செயல் விடுப்புக் கடிதம், பயணப்படிப் பட்டியலின் அலுவலக நகல், பென்சில் ரப்பர் கேட்டு எழுதிய கடிதம், "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்ற பதில், இவையெல்லாம் அலமாரியை அடைத்துக்கொண்டு இருப்பதால்தான் வேண்டிய கட்டு கிடைப்பதில்லை. எரிக்க வேண்டியதை எரிக்காத அலுவலகத்தில் காக்க வேண்டியதும் காணாமல் போகும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நன்றாகச் செய்த இடங்களும் உண்டு. பதிவுத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தை யாரும் தொட முடியாது. அதனால்தான் தாத்தா வாங்கிய இடத்துக்கு இன்று வில்லங்கம் போட்டுப் பார்க்க முடிகிறது. அதே சட்டத்தில், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், பதிவு முடிந்தும் யாரும் வாங்கிப் போகாத பத்திரத்தை இரண்டு ஆண்டுக்குப் பிறகு அழிக்கலாம் என்றும் இருக்கிறது, உயிலைத் தவிர. அந்த "உயிலைத் தவிர" என்ற இடத்தில் யாரோ நின்று யோசித்திருக்கிறார்கள். உயில் எழுதியவர் வந்து கேட்க முடியாத நாளில்தானே உயிலுக்கு வேலையே. சம்பளப் பட்டியல் பதிவேட்டை 35 ஆண்டு வைக்க வேண்டும் என்ற மத்திய அரசின் நிதி விதியும் இப்படித்தான், ஒருவரின் பணிப்பதிவேட்டில் ஏதாவது ஓட்டை விழுந்தால் அவர் ஓய்வு பெறும் நாள் வரை அதைக் கொண்டு அடைக்கலாம்.

யு.டி.ஆர். கதை தெரியாத ஆள் நம்மூரில் குறைவு. 1979ல் தொடங்கிய அந்த நிலப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனையோ பட்டாவில் பெயர் மாறி விழுந்தது, பரப்பு குறைந்தது. அதைத் திருத்தக் கேட்டு இன்றைக்கும் மனு வருகிறது. திருத்த வேண்டுமென்றால் யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேடும் (கிராமத்தின் நிலக் கணக்கு), செட்டில்மென்ட் பதிவேடும் வேண்டும். இருக்கிற கிராமத்தில் ஒரு மாதத்தில் வேலை முடியும். பக்கம் கிழிந்துபோன கிராமத்துக்காரர்கள் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். நடுவில் 1980ல் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) முறையை ஒழித்தபோது கணக்குகள் கைமாறியதில் என்னென்ன போயிற்றோ, அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் 1917ல் போட்ட சட்டத்தின் பெயரே ஆவணங்கள் அழிப்புச் சட்டம். பொது ஆவணங்கள் சட்டம் என்று ஒன்று வந்தது 1993ல். அதில் 1892க்கு முந்தைய ஆவணத்தை, பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தால் ஒழிய, அழிக்கவே கூடாது என்று இருக்கிறது. மற்றவற்றையும் முறைப்படிதான் அழிக்கலாம், மீறினால் 5 ஆண்டு வரை சிறை. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா, ஆனால் அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரிய சட்டம். நம் தாலுகா அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதில் 20 ஆண்டு என்று ஒரு பிரிவு வருவதால், எல்லா அலுவலகமும் எல்லாவற்றையும் 20 ஆண்டு வைத்தாக வேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 2011ல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விடைத்தாளை மாணவர் பார்க்கலாம், ஆனால் விதிப்படி வைத்திருக்கும் காலத்துக்குள் கேட்க வேண்டும், அந்தச் சட்டம் ஆயுளை நீட்டாது. அப்போது சி.பி.எஸ்.இ.யில் விடைத்தாளின் ஆயுள் 3 மாதம். ஆக, தகவல் கேட்கும் உரிமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் நீளம் அந்த ஒற்றை எழுத்தின் நீளம்தான்.

கணினியில் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்கிறாரே பந்தித் தம்பி, அவருக்குச் சாத்தான்குளத்தை நினைவுபடுத்துகிறேன். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் வைக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் எழுதினார்: காவல் நிலையக் கேமராவின் வன்தட்டில் 1 டெராபைட் இடம் இருந்தது, ஆனாலும் காட்சிகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். அங்கே இடப் பற்றாக்குறையும் இல்லை, கரையானும் இல்லை. காகிதத்தை அழிக்க ஒரு ஆள் தீப்பெட்டியோடு போக வேண்டும், யாராவது பார்ப்பார்கள். கணினியில் ஒரு தடவை அமைத்துவிட்டால் தினமும் நள்ளிரவில் அது தானே எரித்துக்கொள்ளும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான்.

ஆனால் பக்கத்திலேயே இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2022ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி கைதானவரின் கைரேகை, கருவிழிப் பதிவு போன்றவற்றை 75 ஆண்டு வைத்திருக்கலாம். விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று இருக்கிறது, அதைக் கேட்டு அலைகிறவர் பாடு எப்படி என்பது வேறு. காவல் நிலையத்துக்குள் போனவனின் ரேகை 75 ஆண்டு, அவனுக்கு உள்ளே என்ன நடந்தது என்ற படம் 18 மாதம். தேர்தலிலும் இப்படித்தான், 2025ல் தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி வீடியோக்களை, வழக்கு இல்லையென்றால், 45 நாளுக்குப் பிறகு அழிக்கலாம் என்றது. தேர்தல் வழக்குப் போட அவகாசமும் 45 நாள், அதனால் என்கிறார்கள். வழக்குப் போடலாமா வேண்டாமா என்று பார்த்து முடிவு செய்யத்தானே அந்த வீடியோ?

அரசு நம்மைப் பற்றி எழுதியதை நெடுநாள் வைத்துக்கொள்கிறது, தன்னைப் பற்றி எழுதியதைச் சீக்கிரம் விட்டுவிடுகிறது. தலைகீழாக இருக்க வேண்டும். ஆதார் வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம், நாம் எங்கெல்லாம் ஆதாரைக் காட்டினோம் என்ற பதிவை 5 ஆண்டு வைக்கும் விதியை ரத்து செய்து 6 மாதத்துக்கு மேல் கூடாது என்றதே, அது சரியான திசை. சிறார் நீதிச் சட்டத்தில் கொடுங்குற்றம் தவிர மற்றவற்றில் சிறாரின் பதிவை மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழிக்கச் சொல்வதும் அப்படியே.

இங்கே என் வாதத்தை மடக்க ஒரு உதாரணம் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் உள்துறை 2010ல், 1950களிலும் 60களிலும் கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களின் பழைய தரையிறங்கும் சீட்டுகளை அழித்தது. தனிநபர் விவரத்தை வேண்டிய காலத்துக்கு மேல் வைக்கக் கூடாதல்லவா என்பது பின்னால் சொன்ன காரணம். அதே மக்களிடம்தான் எப்போது வந்தாய், நிரூபி என்று கேட்டார்கள், 2018ல் அது பெரிய அவமானமாக வெடித்தது. ஆக "தனிநபர் விவரம்" என்று பெயர் வைத்துவிட்டு எரிப்பதும் ஆபத்துதான். அந்தத் தாள் யார் கைக்கு ஆயுதம் என்று கேட்க வேண்டும். குடிமகன் தன் உரிமையைக் காட்ட உதவும் தாள் என்றால் வைத்திரு. அவனைப் பின்தொடர மட்டுமே உதவும் என்றால் எரி.

மருத்துவமனைக் கோப்பும் ஒன்று சொல்லியாக வேண்டும். உள்நோயாளியின் பதிவை மருத்துவர் 3 ஆண்டு வைக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதி. பிரசவத்தில் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வையுங்கள். காலவரையறைச் சட்டப்படி, அந்தக் குழந்தைக்கு 18 வயது ஆன பிறகும் வழக்குப் போட அவகாசம் உண்டு. அப்போது எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

என்னைக் கேட்டால், கோப்பை முடிக்கும் ஆளிடமிருந்து அந்த எழுத்தை எடுத்துவிட வேண்டும். பொருளைப் பொறுத்து ஆயுள் முன்பே எழுதியிருக்க வேண்டும், அந்த ஆயுள் அது சம்பந்தமான வழக்குக்கு உள்ள காலவரையறையைவிடச் சில வருடம் கூடுதலாக இருக்க வேண்டும். நிலம், பாதை, நீர்நிலை, சாதிச் சான்று விசாரணை, காவலில் நடந்தது, இவற்றில் 3 ஆண்டு என்ற பேச்சே கூடாது. எரிப்பதற்கு 3 மாதம் முன்னால் கோப்பு எண்ணையும் தலைப்பையும் இணையத்தில் போடட்டும், வேண்டுகிறவர் வந்து நகல் வாங்கிக்கொள்ளட்டும். ஸ்கேன் செய்த நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தப் படம் திறக்கிறதா என்று யாராவது ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கட்டும், தம்பி, இது உங்களுக்கு.

நான் ஓய்வு பெற்ற மாதம், என் ஓய்வூதியக் கருத்துருக் கோப்பை முடித்துவிட்டதாக உதவியாளர் பெண் வந்து சொன்னார். வாழ்த்தெல்லாம் சொன்னார். நான் முதலில் கேட்டது, "என்ன டிஸ். போட்டேம்மா?" என்றுதான். அவர் சிரித்துக்கொண்டே, "கே.டிஸ். சார், ஜமாபந்தி வருதுல்ல" என்றார்.