காற்றை மூடினால் விறகு மிச்சமாகாது ஐயா!

"காத்துத் துளையைக் கொஞ்சம் மூடி வை, விறகு ரொம்ப நேரம் நிக்கும்." குளிர் தொடங்கி, அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பை (புகைபோக்கியும் கண்ணாடிக் கதவும் வைத்த மூடிய அடுப்பு) மூட்டியதும் இந்த அருள்வாக்கைச் சொல்ல எங்கிருந்தோ ஆள் வந்துவிடுகிறார்கள். கேட்கிறவரும் பக்தியோடு மூடுகிறார். ஒரு வாரத்தில் கண்ணாடிக் கதவு கறுத்துப்போகிறது, அறை சூடேறுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துகிறார். அப்புறம் தீர்ப்பு வருகிறது: "இந்த விறகு ஸ்டவ்வே வேஸ்ட்ங்க."

அடுப்பு என்ன பாவம் பண்ணியது? மூச்சை அடைத்தது நீங்கள்.

விறகில் தீ வைத்தால் முதலில் எரிவது கட்டை இல்லை. சூடு ஏற ஏற, சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கட்டைக்குள் இருப்பது வாயுவாகப் பிரிந்து வெளியே வருகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படித்தான் போகும். மிஞ்சுவதுதான் கரி, அதுதான் கங்கு. நாம் பார்க்கிற சுவாலை அந்த வாயு எரிவது. விறகு தரும் சூட்டில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வருகிறது. அந்த வாயு முழுசாக எரிய சுமார் 600 டிகிரி வெப்பமும் போதுமான காற்றும் இரண்டும் கலப்பதற்குக் கொஞ்ச நேரமும் வேண்டும். காற்றை அடைத்தால் என்ன ஆகும்? கட்டை தன் சூட்டிலேயே வாயுவைக் கக்கிக்கொண்டிருக்கும், எரிக்கத்தான் வழியிருக்காது. அத்தனையும் புகையாக மேலே போகும். புகை என்றால் எரியாத விறகு, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கி, பிளந்து, சுமந்து, அடுக்கி, கடைசியில் வானத்துக்கு அனுப்புகிறீர்கள். "ரொம்ப நேரம் நிக்குது" என்கிறீர்களே, நிற்கத்தான் செய்யும்! கரிமூட்டம் போடுகிறவர்கள் மண்ணைப் பூசிக் காற்றை அடைப்பதும் கட்டை எரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நீங்கள் நடுவீட்டில் மூட்டம் போட்டுவிட்டு வெயில் அடிக்கவில்லையே என்கிறீர்கள்.

இதில் உச்சம், ராத்திரி வேலை. படுக்கப்போகும் முன் அடுப்பு வாய் கொள்ளாமல் பெரிய கட்டைகளாகத் திணித்து, எல்லாத் துளையையும் இழுத்து மூடிவிட்டு, "காலைல கங்கு இருந்துச்சு பாத்தீங்களா" என்று பெருமை வேறு. கங்கு இருந்தது சரி. ராத்திரி முழுக்க அந்தப் புகைபோக்கி என்ன குடித்தது தெரியுமா? புகையில் இருக்கும் தாரும் நீராவியும் குழாயின் உள்பக்கம் சுமார் 120 டிகிரிக்குக் கீழே ஆறிப்போனால் சுவரில் படிந்துவிடும். கிரியோசோட் என்பார்கள். முதலில் பொருபொருவென்று மசியாக இருக்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் கறுப்புக் கண்ணாடியாக இறுகும். இறுகியதைத் தூரிகை சுரண்டாது. ஒருநாள் நன்றாகச் சுவாலை விட்டு எரித்தீர்கள் என்றால் அதுவும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் 1000 டிகிரியைத் தாண்டும் தீ. உறுமல் சத்தம் கேட்கும், குழாய் அதிரும். அப்போது செய்ய வேண்டியது, கதவையும் எல்லாக் காற்றுத் துளைகளையும் மூடிவிட்டு வீட்டைக் காலி செய்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவது. தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஓரளவு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி தரும். அடுப்பின் திறன் 75 சதவீதம் என்றால் அறைக்குக் கிடைப்பது 3. ஆக, 5 கிலோவாட் அடுப்புக்கு மணிக்கு ஒன்றேமுக்கால் கிலோ விறகு கூட வேண்டாம். கைக்கு அடக்கமாக ஒன்றோ இரண்டோ பிளந்த கட்டை. அதில் ஆறு கிலோவைத் திணித்துவிட்டு "சூடு தாங்கல" என்று காற்றை மூடுவது எந்த ஊர் நியாயம்?

சூடு தாங்காததற்கு இன்னொரு காரணம் கடையிலேயே நடந்து முடிந்திருக்கும். "பெருசா வாங்கிப் போடுங்க, பின்னாடி உதவும்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 15-ஆல் வகுத்தால், சூடு வெளியேறாமல் சுமாராகக் காக்கும் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தோராயமாகக் கிடைத்துவிடும். 5க்கு 4, உயரம் 2.4 என்றால் 48 கன மீட்டர், அதாவது 3 சொச்சம். அங்கே 9 கிலோவாட் அடுப்பை வைத்தால் காலம் முழுக்க அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருக்கும். சின்ன அடுப்பு முழு மூச்சில் எரிவது, பெரிய அடுப்பு முனகிக்கொண்டு கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சரி, விறகுக்கு வருவோம். இங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. "நல்லா காஞ்ச விறகு சார்" என்று இறக்கிவிட்டுப் போவார்கள். வெளியே வெளுத்துப்போய் அழகாக இருக்கும். பிளந்து பார்த்தால் உள்ளே சில்லென்று ஈரம். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர்தான் இருக்கும். எரிக்க வேண்டுமானால் அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். பத்துக் கிலோ பச்சை விறகைப் போட்டால் ஐந்து லிட்டர் தண்ணீரை அடுப்புக்குள் ஊற்றியதாக அர்த்தம். அதை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் மணி போகும். "அவ்வளவுதானா, மீதி இருக்கே" என்று ஒருவர் கிளம்புவார். ஐயா, பெரிய நஷ்டம் அதில்லை. அந்த ஈரம் அடுப்பின் வெப்பத்தை 600-க்கு ஏறவே விடாது. அதனால் வாயு எரியாமல் புகையாகிறது, தாராகப் படிகிறது. நட்டம் அங்கே.

ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்றும் யானை விலையில்லை. ஆனால் அதையும் தப்பாகவே குத்துகிறார்கள். காய்ந்து கிடக்கும் வெளித்தோலிலும் வெட்டுமுனையிலும் குத்தினால் நீங்கள் ஆசைப்படும் எண்ணைத்தான் காட்டும். கட்டையை அப்போதே பிளந்து, புது முகத்தின் நடுவில், இழை ஓடும் திசையில் இரண்டு ஊசியையும் அழுத்திக் குத்துங்கள். உறைந்துபோன கட்டையில் அளவு தப்பும், வீட்டுக்குள் வைத்துக் குளிர் விட்டபின் பாருங்கள். இன்னொரு சூட்சுமம் உண்டு. கையடக்க மீட்டர்கள் பெரும்பாலும் காய்ந்த மரத்தின் எடையை அடிப்படையாக வைத்துக் காட்டும். அதில் 25 என்றால் மொத்த எடையில் 20 சதவீதம் ஈரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் ஏராளம். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். விற்பவன் வாயை நம்பினால் ஆகாது என்று ஒரு அரசாங்கத்துக்கே புரிந்திருக்கிறது.

வாங்கிய விறகைத் தார்ப்பாயால் தலை முதல் கால் வரை போர்த்தி வைப்பவர்களை என்ன சொல்ல? ஈரம் வெளியே போகவா, உள்ளேயே இருக்கவா? முதலில் பிளக்க வேண்டும். பட்டையோடு உருண்டையாகக் கிடக்கும் கட்டை லேசில் காயாது. 8 முதல் 12 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, வெயிலும் காற்றும் படும் இடத்தில் ஒற்றை வரிசையாக அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்கள் திறந்தே கிடக்கட்டும். பைன் போன்ற மென்மரம் ஒரு வருடம், ஓக் போன்ற வன்மரம் இரண்டு வருடம். "பைன் எரிச்சா புகைபோக்கி போச்சு" என்பதும் வெறும் புரளி. காய்ந்த பைன் ஈரமான ஓக்கைவிட எவ்வளவோ சுத்தம். ஒரே அளவு காய்ந்திருந்தால் கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே சூடுதான் தரும். வன்மரம் கனம் என்பதால் அதே இடத்தில் அதிகம் அடங்குகிறது, அவ்வளவே. அதற்காக எலும்பாக உலர்ந்த சுள்ளியை மட்டும் நிரப்பாதீர்கள். வாயு ஒரேயடியாகக் கிளம்பும், காற்று ஈடு கொடுக்காது, மறுபடியும் புகைதான்.

பற்றவைப்பது அடுத்த கூத்து. அடியில் காகிதம், மேலே சுள்ளி, அதற்கும் மேலே கட்டை. அடியில் எழும் தீ மேலே இருக்கும் குளிர்ந்த கட்டைகளைச் சுட்டு, எரியாத வாயுவைக் கிளப்பிவிட்டு, முதல் அரை மணி நேரம் ஊரையே புகை போட்டு எழுப்பும். தலைகீழாக அடுக்குங்கள். அடியில் இரண்டு மூன்று கட்டைகள், இடையில் விரல் நுழையும் இடைவெளி. குறுக்கே அதைவிட மெல்லிய துண்டுகள். உச்சியில் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் சிராய் எட்டுப் பத்து. அதற்கு நடுவே பற்றவைக்கும் வில்லை (ஃபயர்லைட்டர்). தீ மெழுகுவத்தி மாதிரி மேலிருந்து கீழே இறங்கி வரும். அடியில் இருக்கும் கட்டை வாயு விடத் தொடங்கும்போது மேலே சுவாலை தயாராக நின்று அதை எரித்துவிடும், புகைபோக்கியும் முதலிலேயே சூடேறி இழுக்கத் தொடங்கிவிடும். எல்லாத் துளைகளும் முழுசாகத் திறந்திருக்கட்டும்.

இங்கே ஒரு பாடம். அடியிலிருந்து கம்பித் தட்டு வழியாக வருவது நிலக்கரிக்கான காற்று. விறகுக்குத் தேவை மேலிருந்து, கண்ணாடியை ஒட்டி இறங்கி வரும் காற்று. கட்டைகள் நன்றாகப் பிடித்ததும், பத்துப் பதினைந்து நிமிடத்தில், அடிக்காற்றை மூடிவிடுங்கள். அதன்பின் மேல்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுவாலை சோம்பலாகாமல் துடிப்பாக மஞ்சளாக ஆடும் இடத்தில் நிறுத்துங்கள். சாம்பலைத் தினமும் பளிச்சென்று துடைத்தெடுக்கும் சுத்தக்காரர்களே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுவையுங்கள். கங்கு அந்த மெத்தையில்தான் உயிரோடு இருக்கும். மறுபடி கட்டை போடுவது, சுவாலை அடங்கிக் கங்கு சிவந்திருக்கும்போது. கங்கை முன்னால் இழுத்து, ஒன்றிரண்டு கட்டை வைத்து, காற்றை முழுசாகத் திறந்து, ஓரங்கள் கருகிச் சுவாலை பிடித்தபின் குறையுங்கள்.

சரியாக எரிகிறதா என்று அறிய விஞ்ஞானம் படிக்க வேண்டாம். பற்றவைத்து இருபது நிமிடம் கழித்து வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள். சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தால் சரி. குளிர்நாளில் வெள்ளையாக வந்து சற்றுத் தூரத்தில் கரைந்துபோனால் அது நீராவி. நீலச் சாம்பல் நிறத்தில் இழுபட்டுக்கொண்டே போனால் அது உங்கள் விறகு. அடுப்புக்குள் பார்த்தால் உட்சுவர்ச் செங்கற்கள் வெளுத்திருக்க வேண்டும். கறுத்திருந்தால் அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது.

அடுப்பைக் குப்பைத்தொட்டியாக்கும் கூட்டத்தைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பளபளப்புக் காகிதம், பிளாஸ்டிக் எதுவும் கூடாது. பச்சை பாய்ந்த பழைய வேலிக்கட்டையில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைக் கீரைப்பாத்தியில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்! கடலில் ஒதுங்கிய கட்டையும் வேண்டாம், உப்பு இரும்பைத் தின்னும், டையாக்சின் என்ற நச்சும் கிளம்பும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அடுப்பு கட்டுக்கடங்காமல் எரிந்தால் கதவைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் கயிற்றைச் சோதியுங்கள். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் கயிறு போய்விட்டது. அதே தடிமன் கயிறும் வெப்பம் தாங்கும் பசையும் வாங்கினால் ஒரு மாலை வேலை. உள்ளே மேல்பக்கம், சுவாலை நேராகக் குழாய்க்குள் போகாமல் தடுக்கும் பேஃபிள் தகட்டையும் பாருங்கள். உடைந்திருந்தால் சுவாலை நேராகக் குழாய்க்குள் பாயும். இடம் மாறி வழியை அடைத்திருந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் வரும். தகடு சரியாக இருந்தும் புகை வந்தால் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்திப் பாருங்கள். இறுக்கமாக மூடிய வீட்டில் அது அறைக்காற்றை உறிஞ்சி, புகைபோக்கியையே கீழ்நோக்கி இழுக்க வைத்துவிடும். அடுப்பைக் குறை சொல்லிப் பாதி விலைக்கு விற்றவர் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து பார்த்திருக்கலாம்.

புகைபோக்கியை வருடம் ஒரு முறையாவது, தினமும் எரித்தால் இரண்டு முறை, சுத்தம் செய்ய ஆள் வர வேண்டும். "கிரியோசோட் கரைக்கும் கட்டை எரிச்சேன், போதும்" என்பது சரிப்படாது. அது படிவை உலர்த்தும், கீழே இறக்காது.

ராத்திரிக்கு என்னதான் செய்வது? படுக்கப்போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கடைசி விறகைப் போட்டு நன்றாகச் சுவாலை விட்டு எரியவிடுங்கள். சுவாலை முழுதும் அடங்கிக் கங்கு மட்டும் மிஞ்சியபின் காற்றைக் குறையுங்கள். குழாயில் டேம்பர் (புகை போகும் வழியை அடைக்கும் தகடு) இருந்தால், ஒரு பொட்டுக் கங்கு இருக்கும்வரை அதை அடைக்கக் கூடாது. கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புகை அலாரம் அதைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று இருக்கும் அலாரத்தை அடுப்பு இருக்கும் அதே அறையில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் மாட்டுங்கள். அது கத்தினால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போங்கள். "நடுராத்திரில தொல்லை பண்ணுது" என்று பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொள்கிற மகானுபாவர்களே, உங்களிடம் பேச எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை.