ஊடுவழியைச் சொன்னவன்

நம் ஊர்க் கல்லூரி இணையதளத்தின் விண்ணப்பப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னதற்காக சஸ்பெண்ட் ஆன பையன் விஷயத்தில் ஒன்றும் எழுத வேண்டாம் என்று பத்து நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி வந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகு முடியவில்லை. "ஆராய்ச்சி பண்றவன் லேபுக்குள்ள பண்ணட்டும். அடுத்தவன் வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்க்கிறது என்ன ஆராய்ச்சி?" யார் குரல் என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் எல்லா குரூப்பிலும் சுற்றி வந்துவிட்டது. கீழே வரிசையாகக் கை தட்டும் பொம்மைகள் வேறு.

சரி, அண்ணன் கதவு என்று சொன்னதால் கதவைப் பற்றியே பேசுவோம். அங்கே கதவே இல்லை. விண்ணப்பப் பக்கத்து முகவரியின் கடைசியில் ஒரு எண் இருக்கிறது. அதில் ஒன்றைக் கூட்டிப் போட்டால் அடுத்த மாணவனின் போட்டோ, போன் நம்பர், சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப்புக்குக் கொடுத்த பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் வந்து நிற்கும். பாஸ்வேர்டு கிடையாது, ஓடிபி கிடையாது. கேட்பது யார் என்று பார்க்காமல் கேட்டதை எடுத்து நீட்டுகிற பிழை இது. வகுப்பில் நாங்கள் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. அந்தப் பையன் முதலில் தன் கூட்டாளியிடம் கேட்டுவிட்டு அவனுடைய எண்ணைப் போட்டுப் பார்த்தான். வந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டு, முகத்தையும் நம்பரையும் மறைத்து, ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு கல்லூரிக்கு மெயில் போட்டான். கிடைத்த பரிசு இரண்டு வாரம் சஸ்பென்ஷன், லேப் பக்கம் வரக்கூடாது என்ற உத்தரவு, சைபர் செல்லில் புகார் கொடுப்போம் என்ற மிரட்டல்.

தமிழ்நாடு-கேரள பார்டரில் பிறந்து வளர்ந்த நமக்கா இது புரியாது? மெயின் ரோட்டில் செக்போஸ்ட், தடுப்புக் கம்பி, சீருடை எல்லாம் இருக்கும். அரைக் கிலோமீட்டர் தள்ளித் தென்னந்தோப்பு வழியாக மண்பாதை ஒன்று போகும். ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 2020 ஊரடங்கில் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஊடுவழியில் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். அது இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் தெருக்காரர் ஒருவர் போய்ச் சொன்னார். சொன்னவரைக் கடத்தல்காரன் என்று யாரும் ஜீப்பில் ஏற்றவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். இந்தப் பையன் செய்ததும் அதேதான். ஊடுவழி இருக்கிறது, அடையுங்கள் என்றான்.

அதே 2020 ஏப்ரலை இன்னொரு காரணத்துக்காகவும் ஞாபகப்படுத்துகிறேன். கேரள அரசு கோவிட் விவரங்களை ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் கொடுத்த விவகாரத்தில், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு நம் டீக்கடைகளில் பிரைவசி பேசாத ஆள் கிடையாது. இதே குரல்காரர் எனக்கே அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். கேட்டுக்கொண்டேன், என்ன செய்ய.

பெயரை எடுத்தால் மட்டும் போதாது என்பது நமக்கு எப்படித் தெரியும் தெரியுமா, அண்ணா? 1997இல் லடான்யா ஸ்வீனி என்ற மாணவி தள்ளிப் பார்த்ததால் தெரியும். மாசசூசெட்ஸ் அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர், விலாசம் நீக்கி, ஆனால் பிறந்த தேதி, பாலினம், பின்கோடை அப்படியே விட்டு, ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்று கவர்னர் வில்லியம் வெல்டும் உறுதி சொல்லியிருந்தார். ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். அந்தக் கவர்னரின் பிறந்த தேதி உள்ளவர்கள் ஆறு பேர், அதில் ஆண்கள் மூன்று பேர், அவருடைய பின்கோடில் ஒரே ஆள். கவர்னரின் மருத்துவக் குறிப்பு கைக்கு வந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க விவரங்களை வெளியிடுமுன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்றால் அதற்கு அந்த 20 டாலரும் ஒரு காரணம்.

நம்ம ஊர்க்காரர்களும் உண்டு. சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போன அரவிந்த் நாராயணனும் அவருடைய பேராசிரியர் ஷ்மாட்டிகோவும், நெட்ஃபிளிக்ஸ் பெயர் நீக்கி வெளியிட்ட படம் பார்த்தவர்கள் படங்களுக்குப் போட்ட மதிப்பெண்களிலிருந்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2008இல் காட்டினார்கள். லேபுக்குள் உட்கார்ந்துதான் செய்தார்கள், அண்ணனுக்குத் திருப்தியா? ஆனால் கையில் இருந்தது நிஜ மனிதர்களின் விவரம். நிஜத்தைத் தொடாமல் நிஜத்தின் ஓட்டையைக் காட்ட முடியாது.

"அனுமதி வாங்கினானா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவு உரிமையாளரின் அனுமதியைத்தான் கேட்கிறது. இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தெரிவிப்பதற்கு மத்திய அரசு வைத்திருக்கும் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதியிருக்கலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயிலுக்கு அனுப்பும் 66ஆவது பிரிவைப் படியுங்கள். நேர்மையற்ற எண்ணமோ மோசடி எண்ணமோ இருக்க வேண்டும் என்கிறது. மோசடி செய்கிறவன் தன் பெயர், ரோல் நம்பர், செல் நம்பர் போட்டா மெயில் அனுப்புவான்? நெதர்லாந்தில் ராட்பவுட் பல்கலைக்கழகத்து ஆட்கள் பஸ் கார்டிலும் வாயில் கார்டிலும் இருக்கும் மைஃபேர் சிப்பின் ஓட்டையைக் கண்டுபிடித்தபோது, கட்டுரை வெளிவரக்கூடாது என்று சிப் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2008 ஜூலையில் கோர்ட் மறுத்துவிட்டது. நஷ்டம் கட்டுரையால் வரவில்லை, ஓட்டை உள்ள சிப்பைச் செய்து விற்றதால் வருகிறது என்று சொன்னது. இதை எழுதி ஃப்ரேம் போட்டு அந்த ஆபீஸ் சுவரில் மாட்டலாம்.

"ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் யோக்கியமா?" இல்லை. 2020இல் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆட்கள் லினக்ஸ் மென்பொருளைப் பராமரிக்கிறவர்களிடம் சொல்லாமல் வேண்டுமென்றே பிழையான திருத்தங்களை அனுப்பிச் சோதித்தார்கள். தப்பு. அதற்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்?

"விளம்பரத்துக்குச் செய்தான்." இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

2010இல் ஹைதராபாத்தில் ஹரி பிரசாத் கைதானதையும் எழுத நினைத்தேன். வாக்குப்பதிவு இயந்திரத்தை ஆராய்ந்தவர். வழக்கு என்னவோ இயந்திரம் திருட்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினால் கீழே தேர்தல் சண்டை ஆரம்பித்துவிடும், வேண்டாம். அந்தச் செய்தி வந்தபோது நான் எம்எஸ்சி படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உனக்கு வேற படிப்பே கிடைக்கலயா?" என்று கேட்டது மட்டும் இப்போது ஞாபகம் வருகிறது.

அம்மா கேட்டதில் தப்பில்லை. பிஎச்டி சமயத்தில் நானும் ஒன்றைப் பார்த்தேன். ஒரு மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை லிங்க்கில் அனுப்புவார்கள். அப்பாவுக்கு வந்த லிங்க்கைத் திறந்தபோதே அதன் வால் எண்ணைப் பார்த்துவிட்டேன். போன் போட்டுச் சொன்னேன். "நீங்க எதுக்கு மேடம் அதையெல்லாம் பார்க்கறீங்க?" என்றார்கள். இரண்டாவது முறை நான் கூப்பிடவில்லை. வழிகாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. எத்தனை பேருடைய சர்க்கரை அளவும், எத்தனை பெண்களின் கர்ப்பப் பரிசோதனையும் எவ்வளவு நாள் அப்படித் திறந்து கிடந்ததோ. எனக்கு சஸ்பென்ஷன் வரவில்லை. நல்ல பிள்ளை என்ற பெயரோடு பட்டம் வாங்கிவிட்டேன்.

கொச்சியில் கேரள போலீஸே கொக்கூன் (c0c0n) என்று சைபர் பாதுகாப்பு மாநாடு நடத்துகிறது. கம்ப்யூட்டரை உடைத்துப் பார்க்கிறவர்களை மேடையேற்றிப் பேச வைக்கிறது. போலீஸுக்கே புரிந்தது நம் ஊர்க் கல்லூரிக்குப் புரியவில்லை.

போன திங்கட்கிழமை அவன் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். தேங்காய் உரிக்கிறவர். மட்டையில் கிழிந்த விரல்களோடு வந்து ஆபீஸ் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மன்னிப்புக் கடிதத்தை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள், மலையாளத்தில். அவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. "என்ன எழுதிருக்கு டீச்சர்?" என்று என்னிடம் நீட்டினார். 'என் மகன் திருட்டுத்தனமாக' என்று தொடங்கியது. நான் சத்தமாக வாசிக்கவில்லை. "தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கன்னு இருக்குங்கண்ணா" என்றேன். தமிழில் கையெழுத்துப் போட்டார்.

இதுவரைக்கும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் முதலில் என்னிடம்தான் வந்து கேட்டான், என்ன செய்யட்டும் என்று. மறைக்காமல் மெயில் போடு, சொந்தப் பேரில் போடு, நன்றி சொல்வார்கள் என்று சொன்னது நான். செர்ட்-இன் ஞாபகம் எனக்கே வரவில்லை. கமிட்டியில் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். கெஸ்ட் லெக்சரர் எழுதிய கடிதத்துக்கு என்ன மரியாதையோ அது கிடைத்தது.

இன்று காலையில் அவனிடமிருந்து ஒரு மெசேஜ். "டீச்சர், அந்தப் பேஜ் இன்னும் அப்படியேதான் இருக்கு."

உனக்கு எப்படிடா தெரியும் என்று டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.