முதல் செங்கல்லை மார்ஷா எறியவில்லை

ஜூன் மாதம் பிறந்தால் போதும், அந்தப் படம் சுற்றத் தொடங்கிவிடும். தலை கொள்ளாத பூ, உதட்டுச் சாயம், வாய் நிறையச் சிரிப்பு. கீழே ஒரு வரி: ‘ஸ்டோன்வாலில் முதல் செங்கல்லை எறிந்த திருநங்கை’. பகிர்கிறவர்கள் அன்பினால்தான் பகிர்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. மார்ஷா பி. ஜான்சனே அதை மறுத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்தாளர் எரிக் மார்கஸ் 1989-இல் எடுத்த பேட்டியில், தான் அங்கே போய்ச் சேர்ந்தபோது இரவு சுமார் இரண்டு மணி, அதற்குள் கலவரம் தொடங்கிவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். செத்துப்போனவர் சொல்லை இப்படி ஒதுக்கித் தள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஸ்டோன்வால் இன் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் சோதனைக்குப் புகுந்தது. தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் தெருவில் திரியும் பிள்ளைகளும் கூடும் இடம் அது. வழக்கமாக அடி வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகிறவர்கள் அன்று கலையவில்லை. பல இரவுகள் மோதல் நீடித்தது. மார்ஷாவுக்கு அப்போது வயது 23. அவர் சும்மா வேடிக்கை பார்க்கவும் இல்லை. விளக்குக் கம்பத்தில் ஏறி, கீழே நின்ற போலீஸ் காரின் மேல் கனமான பை ஒன்றைப் போட்டார் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இது போதாதா? குதிகால் செருப்போடு கம்பத்தில் ஏறுவது லேசுப்பட்ட காரியமா என்ன? (செருப்பு என் கற்பனை. கம்பம் உண்மை.)

தலபுராணம் எழுதும் ஆசை ஏன் வருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளிப் பாடத்திலும் குடும்பப் பேச்சிலும் இடம் கிடைக்காத மக்களுக்கு ஒரு மூதாதை வேண்டியிருக்கிறது. மூதாதை என்றால் கையில் ஆயுதம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆயுதம் ஏந்திய சிலையை வைத்துவிட்டு, அந்த மனுஷி ஆண்டுக்கணக்கில் செய்த வேலையை மறந்துவிடுகிறோம். என் வருத்தமெல்லாம் அதுதான்.

நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் 1945 ஆகஸ்ட் 24 அன்று, கறுப்பினத் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி முடித்த கையோடு 1963-இல் 15 டாலரும் ஒரு பைத் துணியும் எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்கு வந்துவிட்டார். பெயரில் உள்ள ‘பி’ எதற்கு என்று யாராவது கேட்டால், ‘அதைக் கண்டுகொள்ளாதே’ என்பார். நீதிபதியிடமும் அதே பதில்தானாம். பிழைப்புக்குப் பாலியல் தொழில். நூறு தடவைக்கு மேல் கைதாகியிருப்பதாக அவரே கணக்குச் சொன்னார்.

தலையில் அந்தப் பூ எங்கிருந்து வந்தது தெரியுமா? வீடில்லாத நாள்களில் பூச்சந்தையில் பூப் பிரிக்கும் மேசைகளுக்கு அடியில் படுத்துத் தூங்குவார். வியாபாரிகள் விற்காமல் மிஞ்சிய பூவைக் கொடுப்பார்கள். அதைத் தலையில் கிரீடம்போலச் சூடிக்கொண்டு, பிளாஸ்டிக் பழங்களையும் மின்னும் சரங்களையும் அதில் செருகிக்கொண்டு, ராணியைப்போலக் கிறிஸ்டோபர் தெருவில் நடந்து வருவார். கையில் காசு இருந்தால் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவார். அப்புறம் அவரே யாரிடமாவது கேட்டு நிற்பார்.

1970-இல் தோழி சில்வியா ரிவேராவோடு சேர்ந்து ‘ஸ்டார்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநர் பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதுதான் நோக்கம். முதல் கூரை எது தெரியுமா? வாகன நிறுத்தத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டிரெய்லர் வண்டி. கேட்பாரற்றது என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு நாள் சாப்பாட்டுச் சாமான்களோடு திரும்பி வந்தால், உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க வண்டி நகர்ந்துகொண்டிருந்ததாம். இதைச் சில்வியா பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அன்று அவர்கள் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! அதன் பிறகு கிழக்கு 2-ஆம் தெருவில் ஒரு பாழடைந்த கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டாம் என்பதற்காகப் பெரியவர்கள் இருவரும் தெருவில் நின்று வாடகை கொடுத்தார்கள். 1971-இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள்.

‘பெரியவர்கள்’ என்று எழுதிவிட்டேன். மார்ஷாவுக்கு இருபத்தைந்து வயது, சில்வியாவுக்கு இருபதுகூட நிறையவில்லை.

இந்த வீட்டுக்கு முன்னால் ஒரு செங்கல் எம்மாத்திரம்? செங்கல்லை ஒருமுறை எறிந்தால் முடிந்தது. வாடகை மாதாமாதம் வரும்.

இன்னொரு கசப்பும் சொல்லியாக வேண்டும். ஸ்டோன்வால் நினைவாக ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் நியூயார்க் பேரணியை 1973-இல் நடத்தியவர்கள், பெண் உடையில் வருகிறவர்களால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர் என்று சொல்லி இவ்விருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெளியார் இல்லை, சொந்த ஆட்கள். இருவரும் பேரணிக்கு முன்னால் போய் நடந்தார்கள். இன்று எல்லாப் பேரணியிலும் மார்ஷாவின் படம் இருக்கிறது. ‘பார்வைக்கு நாகரிகமாக வாருங்கள், நம்மை நாலு பேர் மதிக்க வேண்டாமா’ என்ற பேச்சும் கூடவே இருக்கிறது. படத்தைத் தூக்கிக்கொண்டே அப்படிப் பேசுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மனநோய் அவரை வாட்டியது. மருத்துவமனைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். அந்தச் சமயங்களில் அவரோடு இருப்பது எளிதல்ல என்று நண்பர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சலிப் பதிவுகளில் இதை யாரும் எழுதுவதில்லை, களங்கம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்மேல் மதிப்பு கூடியது. தன் மனமே தன் பிடியில் நிற்காத ஒருவர் அத்தனை பேரைத் தாங்கியிருக்கிறார்.

1980 முதல் ராண்டி விக்கர் என்ற நண்பரின் வீட்டில் இருந்தார். ராண்டியின் காதலர் டேவிட் கோம்ஸ் எய்ட்ஸ் வந்து படுத்த படுக்கையானபோது, 1990-இல் அவர் சாகும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் மார்ஷா. எய்ட்ஸ் நோயாளியின் கையைத் தொடவே உலகம் அஞ்சிய காலம் அது. ஊடகப் படங்களில் இந்தக் காட்சி வருவதில்லை. நோயாளியின் அறைக்குள் யார் கேமராவோடு காத்திருக்கப் போகிறார்கள்?

1992 ஜூலை 6 அன்று ஹட்சன் ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. வயது 46. போலீஸ் அவசர அவசரமாகத் தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடியது. நண்பர்கள் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு பின்னர் ‘காரணம் தெரியாத மரணம்’ என்று திருத்தப்பட்டது, மரையா லோபஸ் என்ற திருநங்கைச் செயல்பாட்டாளர் விடாமல் போராடியதால் 2012-இல் விசாரணை மறுபடி திறந்தது. விடை இன்றுவரை இல்லை. இறுதிச் சடங்குக்குத் தேவாலயம் கொள்ளாத கூட்டம் வந்ததால் ஏழாவது அவென்யூவையே போலீஸ் மூடிவிட்டது. ஆனால் நியூயார்க் டைம்ஸில் அவருக்கு இரங்கல் குறிப்பு வந்தது 2018-இல்தான், விடுபட்டவர்களுக்கான வரிசையில்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக வந்தன. 2020-இல் புரூக்ளினில் ஒரு மாநிலப் பூங்காவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அங்கே காங்கிரீட் தரையில் பெரிய பெரிய வண்ணப் பூக்களைப் பதிக்க ஒரு திட்டம். மார்ஷாவின் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து எதிர்த்தார்கள், நிஜச் செடி வையுங்கள் என்றார்கள். திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. 2025 பிப்ரவரியிலோ, ஸ்டோன்வால் தேசிய நினைவிடத்தின் இணையதளத்திலிருந்து திருநர் என்ற சொல்லையே அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை நீக்கிவிட்டது.

இப்படி அழிக்கக் காத்திருப்பவர்கள் முன்னால் நாம் பொய்யான செங்கல்லைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, எல்லாமே கட்டுக்கதை’ என்று முழு வாழ்க்கையையும் ஒதுக்கித்தள்ள அவர்களுக்கு வழி செய்து கொடுத்துவிடுவோம். டிரெய்லர் வண்டியையும் டேவிட்டின் படுக்கையையும் அப்படித் தள்ள முடியாது.

எரிக் மார்கஸ் எடுத்த பேட்டியின் ஒலிப்பதிவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ராண்டியும் கூடவே உட்கார்ந்து பேசுகிறார். இந்த ஜூனில் படத்தைப் பகிரும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் புரிந்தாலே போதும்.